ஆமென், ஆனந்தபாய்

கல்லுவிளை ஆனந்தபாய் தன்னுடைய மரணச் செய்தியைப் பனச்சமூடு முக்கில் நின்று கேட்டாள். அதைச் சொன்ன குரலும் அவளுடையதுதான்.

அன்று காலையில்தான் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டிருந்தார்கள். காட்டாக்கடை வழியாக வந்த பஸ்ஸை விட்டு இறங்கி, புருஷன் பொன்னுதாஸ் ஒரு கையில் துணிப்பையும் மறுகையில் ஆவி பிடிக்கிற மெஷினுமாக முன்னால் நடந்தான். அவள் பின்னால் மெதுவாக வந்து, பழக்கடை நிழலில் மூச்சு வாங்க நின்றாள். அப்போது வெள்ளறடைப் பக்கமிருந்து, தலையில் இரண்டு குழாய் கட்டின ஆட்டோ ஒன்று வந்தது. மைக் செட் கிருஷ்ணன்குட்டியின் வண்டி. தூரத்தில் பார்த்ததுமே அவளுக்கு முகம் தெளிந்தது. இத்தனை நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு வருகிறவளுக்கு, சொந்த வண்டியைப் பார்த்த மாதிரி இருந்தது.

"கண்ணீரோடு அறிவிக்கிறோம். ஆனந்தபாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை இன்று மாலை நான்கு மணிக்கு. அனைவரும் வருக."

ஆட்டோ அவளைத் தாண்டிப் போயிற்று.

செத்துப் போனது யார் என்று அவளுக்கு முதலில் தோன்றவில்லை. இந்த வரியை நான் எப்போது பேசினேன் என்றுதான் தோன்றியது. எவ்வளவு யோசித்தும் பேசின ஞாபகம் இல்லை.

"இஞ்ச பாருங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "அது எனக்க சத்தமாக்கும்."

"பின்ன ஆருக்க சத்தம்? நித்தமும் ஓடுறதுதானே," என்று பொன்னுதாஸ் திரும்பாமல் சொன்னான். அம்பூரியில் ரப்பர் வெட்டுகிற ஆள். எதையும் இரண்டாவது தடவைதான் காதில் வாங்குவான். நாலு எட்டு நடந்த பிறகு வார்த்தை உள்ளே போயிற்று. நின்றான். துணிப்பை கையை விட்டு விழுந்தது. மெஷினை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பழக்கடைக்காரர் ஆட்டோ போன திசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் ஆட்டோ போன திசையைப் பார்த்தார். நிறுத்துக்கொண்டிருந்த ஏத்தன்பழம் தராசிலேயே கிடந்தது.

"ஒன்னயத்தான் இப்பம் சொல்லிட்டுப் போவுது," என்றார்.

"நானும் கேட்டேன் அண்ணா," என்றாள் ஆனந்தபாய்.

வேறு என்ன சொல்ல? உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு மனுசி நடுரோட்டில் நின்று சொல்வதற்கு வார்த்தை உண்டா? இன்னொரு காரியம் வேறு அவளை உலுக்கிக்கொண்டிருந்தது. குரல் அவளுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குரலில் மூச்சு இல்லை.

அது என்ன என்று தெரிய வேண்டுமானால் இந்தக் குரல் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் அண்டி ஆபீசுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வது. கொட்டையை வறுக்கிற புகை நாள் முழுக்க அந்தக் கட்டிடத்துக்குள்ளே நிற்கும். வருசம் போகப் போக இருமல் வந்தது. முதலில் ஒரு மருந்து, பிறகு வேறொரு மருந்து, கடைசியில் மெடிக்கல் காலேஜில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். நெஞ்சுக்குள்ளே காற்று போகிற குழாய்கள் விரிந்துவிட்டன, அதில் சளி கெட்டிக் கிடக்கும், தினமும் அதை வெளியே எடுக்க வேண்டும். "இது மாறுற தீனம் இல்ல. கொண்டு நடக்குற தீனம்," என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அவள் அதைத்தான் ஜெபத்தில் சொன்னாள். கர்த்தரே, கொண்டு நடக்கப் பெலன் தாரும்.

அதே ஆபீசில் இன்னொரு ஆனந்தபாய் இருந்தாள். பிலாவிளை ஆனந்தபாய். வயதில் மூத்தவள், ஆகவே பெரிய ஆனந்தம். இவள் சின்ன ஆனந்தம். பெரிய ஆனந்தம் உட்காருகிற பலகை சன்னலோரம் இருந்தது. இவள் இருமுவதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "எட்டி, நீ இஞ்ச வந்து இரி. எனக்குப் புகை பழகிப் போச்சு," என்று சொல்லித் தன் பலகையைத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டாள். அதன்பிறகு அந்த இடம் எனக்கு வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சபையிலும் பாட்டுக் குழுவிலிருந்து சின்ன ஆனந்தத்தை விலக்கத்தான் வேண்டியிருந்தது. பாதிப் பாட்டில் இருமல் வந்தால் என்ன செய்ய? பாஸ்டர் பாட்டுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கக் கொடுத்தார். ஒரு வசனத்தை ஒரே மூச்சில் வாசிக்க அவளுக்குத் திராணி கிடையாது. மூச்சு தீர்கிற இடத்தில் நிறுத்துவாள். இழுத்து, மறுபடி தொடங்குவாள். அவள் நிறுத்தின இடத்தில் சபை முழுவதும் நின்றது. விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை நிறுத்தினார்கள்.

சபையின் கன்வென்ஷன் கூட்டத்துக்கு மைக் கட்ட வந்த கிருஷ்ணன்குட்டி, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், சுருட்ட மறந்து நின்றுவிட்டார். மறுநாள் வீட்டுக்கே வந்தார்.

"மக்கா, ஒரு மரண அறிவிப்பு உண்டு. நீ சொல்லணும்."

"எனக்கு ஒரே மூச்சுல சொல்ல வராது அண்ணா."

"அதுதான் எனக்கு வேணும். மத்தவிய சொன்னா பஸ்ஸு நேரம் சொல்லுறது மாதிரி இருக்கு. நீ நிறுத்துற எடத்துல ஆளு திரும்பிப் பாக்கும்."

அப்படித் தொடங்கினது. அண்டி ஆபீசுக்குப் போனால் புகை. போகாமல் வீட்டில் கிடந்தால் மனசு புகையும். அவள் ஆபீசை விட்டுவிட்டு இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். பொன்னுதாஸின் அக்கா, இவள் மைனி என்று கூப்பிடுகிற நாத்தூன் சுகிர்தபாய் கேட்டாள், "இருமுறவளுக்கு மைக்கு. கொள்ளாம். ஊமைக்கு உபதேசியார் வேலையும் வாங்கிக் குடுங்கோ." ஆனந்தபாய் சிரித்துக்கொண்டாள்.

தினமும் காலையில் அவள் கட்டிலில் குப்புறக் கிடந்து, தலையைக் கீழே தொங்கப் போட்டு, உள்ளே கெட்டினதை எல்லாம் இருமி எடுப்பாள். எடுத்து முடித்தால் மத்தியானம் உச்சி வரைக்கும் குரல் தெளிவாக நிற்கும். அதற்குள் கிருஷ்ணன்குட்டியின் மாடி அறைக்குப் போய்ப் பேசிவிட வேண்டும். சொல்ல வேண்டியதை அவளே எழுதுவாள். கோயில் உற்சவத்துக்கு எழுதினால் அதில் செண்டை கேட்க வேண்டும், கன்வென்ஷனுக்கு எழுதினால் முழங்கால் நிலத்தில் படவேண்டும் என்பாள். மரண அறிவிப்பென்றால், செத்தவரைப் பற்றி வீட்டாரிடம் ஒரு காரியம் கேட்டு, அதை ஒரு வரியாகச் சேர்ப்பாள். 'கேட்டவர்க்கெல்லாம் கிணற்றைத் திறந்து விட்டவர்' என்று ஒருவருக்கு. 'ஊர்க் குழந்தைகளுக்குப் பட்டம் ஒட்டிக்கொடுத்தவர்' என்று ஒருவருக்கு. எழுதின தாளில் மூச்சு எடுக்கிற இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னச் சிலுவை போடுவாள். தமிழுக்கு ஒரு தாள், மலையாளத்துக்கு ஒரு தாள். மலையாளத்தில் சிலுவை வேறு இடத்தில் விழும். பேசி முடித்ததும், முடிந்தது என்று தெரிவதற்காக, "ஆமென். ஆனந்தபாய்," என்பாள். அதை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கிருஷ்ணன்குட்டி வண்டியில் ஓட விடுவார்.

பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரை அவள் முகத்தைத் தெரியாதவர்களுக்கும் அந்த மூச்சைத் தெரியும். "அந்தப் பொம்பள அழுதுட்டே சொல்லுகா," என்பார்கள். அழுகை இல்லை. சளிதான். அவளும் திருத்தப் போனதில்லை.

இந்தத் தடவை சளியில் இரத்தம் கண்டது. படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். விடுகிற நேரம் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா, "ஒரு மாசம் மைக் தொடக் கூடாது சேச்சி. அதுக்குப் பொறவும் வேணுமான்னு யோசிக்கணும்," என்றார். அதைத்தான் அவள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இனி எனக்கு மைக் உண்டா, இல்லையா. வழி நெடுக அந்த ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியோடு வந்து இறங்கினவளுக்குத்தான் பனச்சமூட்டில் இந்தப் பதில்.

பொன்னுதாஸின் போன் ஆஸ்பத்திரியிலேயே சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்புகிற ஊடுவழி முக்கில் கரண்டுக் கம்பத்தில் கறுப்புக் கொடி கட்டியிருந்தது.

"இது எதுக்காக்கும்?" என்றான் பொன்னுதாஸ். அவனுக்குத் தெரியாமல் இல்லை.

முற்றத்தில் நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்காலிகளில் ஊர். வெள்ளை முண்டும் வெள்ளைச் சேலையுமாக இத்தனை பேர். பூட்டை உடைத்து வீட்டைத் திறந்து, தளத்தை எல்லாம் கழுவி விட்டிருந்தார்கள். அண்டி ஆபீஸ் பழைய கூட்டாளிகள் வாங்கி வைத்த பூவளையம் ஒன்று வாசலில் சாய்ந்து நின்றது. அதில் நீல மையால் ஆனந்தபாய் என்று எழுதியிருந்தது.

அவள் தார்ப்பாயின் ஓரத்தில் நின்றாள். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஆம்புலன்ஸ் வரும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவில் வந்த பிணத்தை யார் பார்ப்பார்கள்?

உள்ளேயிருந்து சுகிர்தபாய் ஒப்பாரி வைக்கிற சத்தம் கேட்டது. "எனக்க ஆனந்தமே, ஒனக்க சத்தத்த இனி எங்க போய்க் கேப்பேன். நீ நிறுத்துற எடத்துல எனக்க நெஞ்சும் நிக்குமேட்டி..."

செத்துப் போன செய்தி கேட்டபோது கூட ஆனந்தபாய்க்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை. மைனி என் சத்தத்தைக் கேட்டிருக்கிறாளா? நின்று கேட்டிருக்கிறாளா?

அடுத்த வீட்டு விஜயம்மாதான் முதலில் கண்டாள். ஒரு கையில் முற்றம் பெருக்குகிற வாருகோல், ஒரு கையில் கட்டன்சாயா பிளாஸ்க். வாருகோல் விழுந்தது. பிளாஸ்கை விடவில்லை. அவள் பார்வை ஆனந்தபாயின் முகத்தில் நிற்காமல் நேரே கீழே இறங்கிப் பாதத்துக்குப் போயிற்று.

"கால் நிலத்துல உண்டு விஜயம்மா. நல்லா பாத்துக்கோ," என்றாள் ஆனந்தபாய்.

"எனக்க பகவதியே," என்று விஜயம்மா மெதுவாகச் சொல்லி, விரலை நீட்டி அவள் புறங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு உண்டு. இவளுக்குச் சூடு உண்டு."

அதன் பிறகு அந்த முற்றத்தில் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை. இரண்டு பேர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்கள். ஒரு கிழவர் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் எதற்கு ஸ்தோத்திரம் என்று மறந்து நின்றார். சுகிர்தபாய் நடைக்கு வந்தாள். அழுகை வாய்க்குள் அப்படியே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, வெளியே விடவும் முடியவில்லை.

"மைனி, முழுசும் அழுது முடிச்சிரும். பாதியில நிறுத்தினா நெஞ்சு அடைக்கும்," என்றாள் ஆனந்தபாய்.

"எட்டி பாவி," என்று சொல்லிச் சுகிர்தபாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒனக்க சத்தந்தானட்டி சொல்லிச்சு. வேற ஆரு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பனா?"

அந்த நேரம் ரோட்டில் அதே குரல் வந்தது. "கண்ணீரோடு அறிவிக்கிறோம். ஆனந்தபாய் கர்த்தருக்குள்..." கிருஷ்ணன்குட்டியின் ஆட்டோ ஊடுவழி முக்கில் திரும்பி, கறுப்புக் கொடியைக் கண்டு, சட்டென்று நின்றது. ஓட்டி வந்தது அவர் மகன் மனு. குரல் நின்றது. கிருஷ்ணன்குட்டி பின்சீட்டிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அறுபது கழிந்த மனுசன், செருப்பு ஒன்று வழியில் கிடக்க ஓடி வந்தார்.

"நம்ம ஆனந்தமும் போயிட்டாளா? எப்பம்? எனக்கு ஆரும் சொல்லல்லியே," என்று முதலில் கண்ட ஆளிடம் கேட்டார். முதலில் கண்ட ஆள் ஆனந்தபாய்தான்.

"போகல்ல அண்ணா," என்றாள்.

அவர் அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"'நம்ம ஆனந்தமும்'னு சொன்னீரே," என்றாள் அவள். "அப்பம் வேற எந்த ஆனந்தம்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. விடியற்காலை இறந்தது பிலாவிளை ஆனந்தபாய். பெரிய ஆனந்தம். அவள் மகள் லிஜி காலையில் கிருஷ்ணன்குட்டியைக் கூப்பிட்டு, சின்ன ஆனந்தம் அக்கா சத்தத்தில்தான் அறிவிக்க வேண்டும், அம்மைக்கு அந்தச் சத்தம் உயிர் என்று சொன்னாள். அந்த அக்கா ஆஸ்பத்திரியில். இல்லை என்று சொல்ல இவர்களுக்கு மனசு வரவில்லை. ஆகவே மனு கம்ப்யூட்டரைத் திறந்து, அவள் பழைய அறிவிப்புகளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டி எடுத்து ஒட்டினான்.

"வீட்டுப் பேரு?" என்றாள் ஆனந்தபாய். "பிலாவிளைன்னு ஏன் சொல்லல்ல?"

மனு தலையைச் சொறிந்தான். கல்யாணம் முடித்து பிள்ளை உள்ள ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றான். "அக்கா, பிலாவிளைன்னு நீங்க இதுவரைக்கும் பேசினதே இல்ல. நான் தேடாத எடமில்ல. பிலாக்காய்ன்னு ஒரு எடத்துல இருந்துச்சு, கல்லுவிளைன்னு ஒரு எடத்துல இருந்துச்சு. ரெண்டையும் வெட்டி ஒட்டினா காய்க்கும் கல்லுக்கும் நடுவுல என்னமோ கேக்குது. கொள்ளாதுன்னு விட்டுட்டேன்."

"ஆனந்தபாய்ன்னு மட்டும் எங்கயிருந்து எடுத்த?"

"கடைசில சொல்லுவீங்களே. ஆமென், ஆனந்தபாய்ன்னு."

ஆக அதுதான். ஒரு மனுசி தன்னைத் தானே சொல்லிக்கொள்கிற விதத்தில், தன் பெயரைச் சொல்லித் தான் செத்துப் போனதை அறிவித்திருக்கிறாள். ஊர் ஏன் நம்பாது?

"வழியில ஆளு கேட்டுச்சு அக்கா," என்றான் மனு. "ஆனந்தபாயா, எப்பம்னு. நானும் வெளுப்பாங்காலத்துலன்னு சொன்னேன். பொய் இல்லல்லோ."

"அந்தச் சத்தத்துல மூச்சு இல்லியே. அத என்ன செஞ்ச?"

"அது கரகரன்னு கேட்டுது. எல்லாத்தையும் வெட்டிக் களஞ்சேன். இப்பம் நல்ல கிளீனாக்கும்."

கிருஷ்ணன்குட்டி இடையில் வந்தார். அவர் கண் நிறைந்திருந்தது. நல்லது செய்துவிட்டோம் என்றே அவர் நினைத்தார். "மக்கா, ஒண்ணு சொல்லட்டா. தெய்வம் ஒரு வழி காட்டியிருக்கு. இனி நீ சத்தம் போடாண்டாம். ஒனக்க எல்லா வார்த்தையும் கம்ப்யூட்டர்ல உண்டு. நீ வீட்டுல கெடந்தா போதும். ஒனக்க சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். ஒனக்குள்ள பைசா வீட்டுக்கு வரும்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். பொன்னுதாஸும் ஆட்டினான். பாவம், அவனுக்கு அவள் இருமாமல் கிடந்தால் போதும்.

காலையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக வந்த அதிர்ச்சியில் இதுதான் ஆனந்தபாயின் எலும்புக்குள் போனது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த கேள்விக்கு இவர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். மைக் உண்டு. அவள்தான் தேவையில்லை. அவள் கிடந்தாலும், செத்தாலும், சத்தம் ஓடும். செத்த பிறகு அவள் சாவையும் அதே சத்தம் சொல்லும். இன்று சொன்ன மாதிரியே, மூச்சு வாங்காமல்.

மனுவின் போன் அடித்தது. அவசரத்தில் அவன் எதையோ அமர்த்த, குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணா, நான் லிஜி. வண்டி ஓடுதா? இஞ்ச ஆருமே வரல்ல. நானும் பாஸ்டரும் பெட்டி கொண்டு வந்த ஆளும்தான் உண்டு. நாற்காலி எல்லாம் சும்மா கெடக்கு. அம்மைக்க முகத்தப் பாக்க அண்டி ஆபீஸுலேருந்து கூட ஒரு ஆளு வரல்ல அண்ணா."

நாற்காலியில் இருந்தவர்கள் தாங்கள் இருந்த நாற்காலியைப் பார்த்தார்கள். பூவளையம் கொண்டு வந்த பெண்கள் பூவளையத்தைப் பார்த்தார்கள். ஒரு பிணத்துக்கு வரவேண்டிய ஊர் முழுவதும் உயிரோடு இருக்கிறவள் முற்றத்தில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருக்கிறது.

"சன்னலோரம் தந்தவளாக்கும்," என்றாள் ஆனந்தபாய். யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். பிறகு மனுவிடம், "வண்டியில மைக் உண்டா?"

"உண்டு அக்கா."

"எட்டி, டாக்டர் சொன்னது மறந்து போச்சா?" என்று பொன்னுதாஸ் குறுக்கே வந்தான்.

"மறக்கல்ல. நாலு மணிக்கு அடக்கம். இது நாளைக்கு வச்சுக்கிடுற சோலியா? இப்பம் சளி துப்ப ஒரு பாத்திரம் எடுத்துக் குடுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மெஷினைத் திண்டில் வைத்துவிட்டுப் பாத்திரம் எடுக்கப் போனான்.

அவள் உள்ளே போய், தனக்காகக் கழுவி விரித்திருந்த கட்டிலில் குப்புறக் கிடந்து தலையைக் கீழே தொங்கப் போட்டாள். வெளியே ஊர் முழுவதும் உட்கார்ந்து அந்த இருமலைக் கேட்டது. இத்தனை வருசமாக ரோட்டில் கேட்ட குரல் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு இருமலும் பறம்பில் பாறை வெட்டுகிற மாதிரி கேட்டது. சுகிர்தபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்து ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து மைக்கை வாங்கினாள். தாள் இல்லை, பென்சில் இல்லை, சிலுவை போட நேரமில்லை. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள்.

"கண்ணீரோடு அறிவிக்கிறோம்." மூச்சு. குழாயிலிருந்து கரகரவென்று அது வெளியே வந்து, ரப்பர் தோட்டத்தில் பட்டுத் திரும்பிற்று. "பிலாவிளை வீட்டில்..." மூச்சு. "ஆனந்தபாய் அம்மாள்..." நீண்ட மூச்சு. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முன்பு சொன்னதில் வீட்டுப் பெயர் விட்டுப் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள். பிலாவிளை. பிலாவிளை ஆனந்தபாய்." மூச்சு. "தன்னோடு வேலை செய்த ஒருத்தி இருமுவதைப் பார்த்து..." இங்கே அவள் நிறுத்தினாள். சளியல்ல. "தன் சன்னலோரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, தான் புகைக்குள் போய் இருந்தவர். அடக்கம் இன்று நான்கு மணிக்கு. எல்லாரும் வாருங்கள்."

அதையே மலையாளத்திலும் சொன்னாள். சொல்லி முடித்ததும் வாய் பழகின பழக்கத்தில், வெட்டுவதற்கு யாருமில்லை என்பது மறந்துபோய், மைக்கிலேயே சொல்லிவிட்டாள்.

"ஆமென். ஆனந்தபாய்."

குழாய் இரண்டும் அதைச் சொல்லிவிட்டு அடங்கின. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், உடனே அழுதார்கள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். சிலர் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். விஜயம்மா பிளாஸ்கை எடுத்துக்கொண்டாள். ஒருவர் கம்பத்திலிருந்து கறுப்புக் கொடியை அவிழ்த்தார். பூவளையத்தைத் தூக்கின பெண் எழுத்தைப் பார்த்து, "பேரு மாத்தாண்டாம். செரியாத்தான் இருக்கு," என்றாள்.

"நான் அழுததும் வீணாப் போகாது," என்று சுகிர்தபாய் மூக்கைச் சிந்தினாள். "ஆனந்தத்துக்குத்தானே அழுதேன்."

ஆட்டோ முன்னால் மெதுவாகப் போக, அவள் ஒவ்வொரு முக்கிலும் அதையே சொன்னாள். ஊர் பின்னால் நடந்தது. பிலாவிளை வீட்டு வாசலில் லிஜி தனியாக நின்றுகொண்டிருந்தாள். தலையில் நாற்காலியோடு இவ்வளவு ஆட்கள் வளைவில் திரும்பி வருவதைப் பார்த்து அவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். பெரிய ஆனந்தத்தின் தலைமாட்டில் ஆனந்தபாய் போய் நின்றபோது, ஒரு வார்த்தை சொல்லவும் அவளிடம் மூச்சு மிச்சமில்லை. கையை மட்டும் பெட்டியின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து மதிலோரம் அவள் உட்கார்ந்திருக்க, கிருஷ்ணன்குட்டியும் மனுவும் வந்தார்கள்.

"லே மனு," என்றாள் அவள், துண்டு துண்டாக. "கம்ப்யூட்டர்ல உள்ள எனக்க வார்த்தைய எல்லாம் என்ன வேணும்னாலும் செய்யி. ஆனா ஒட்டி வண்டியில விடாண்டாம். மூச்சு கர்த்தர் தந்தது. அத வெட்டிக் களய எனக்கு அதிகாரமில்ல. ஒனக்கும் இல்ல."

"அப்பம் நீ சொகமில்லாம கெடக்குற நாளு?" என்று கிருஷ்ணன்குட்டி கேட்டார்.

"நல்ல நாளுல வந்து முன்கூட்டிப் பேசி வைக்கேன். உற்சவமும் கன்வென்ஷனும் எப்பம்னு மொதல்லயே தெரியுமே. மரணம் மட்டும் சொல்லிக்கிட்டு வராது. அன்னைக்கு எனக்கு மூச்சு உண்டுன்னா வாறேன்."

"இல்லன்னா?"

"நீரே சொல்லும்."

"நானா? எனக்க சத்தத்தக் கேட்டா செத்தவன் எழும்பி ஓடுவான் மக்கா."

"ஓடட்டும். ஒரு சாவு கொறையும்."

சிரிப்பு இருமலாக மாறிற்று. பொன்னுதாஸ் ஓடி வந்து முதுகைத் தடவினான்.

அடுத்த வாரம் அவள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அந்த டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். சொன்னபடியே ஒரு மாதம் மைக்கைத் தொடாமல் கிடந்தாள். அந்த மாதத்தில் வந்த அறிவிப்புகளை எல்லாம் கிருஷ்ணன்குட்டிதான் சொன்னார். ஒவ்வொன்றும் பஸ் நேரம் மாதிரிதான் இருந்தது. ஜனங்கள் வண்டியை நிறுத்தி, "அந்தப் பொம்பளைக்கு எப்படி உண்டு?" என்று கேட்டார்கள்.

ஒரு மாதம் கழிந்த மறுநாள் காலை, கட்டிலில் தலையைத் தொங்கப் போட்டு எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்துவிட்டு, அவள் கிருஷ்ணன்குட்டியின் மாடிப்படியில் மெதுவாக ஏறினாள். தாளில் சிலுவைகள் முன்னைவிடக் கூடுதலாக இருந்தன. பேசி முடித்து, "ஆமென். ஆனந்தபாய்," என்றாள். மனு அதை வெட்டப் போனான். கை நின்றது.

"அக்கா, இத வெட்டட்டா, விடட்டா?"

அவள் தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.

"அத வெட்டிரு," என்றாள். "ஊருக்கு இன்னும் பயம் மாறல்ல."